பழைய தலைக்காயமும் மருத்துவமனைக் குறிப்பும்

தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது விழுந்தவரும், உப்பு லாரியில் அடிபட்டவரும், சங்கு குளித்து மேலே வந்ததும் மயங்கியவரும், வருஷங்கள் கழித்து ஞாபகக் குறைவோடும் தலைச்சுற்றலோடும் வைத்தியரிடம் போகையில் அந்தப் பழைய சம்பவத்தைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள் என்பது மிகவும் வருந்தத்தக்க விஷயம்.

நம்பிக்கை: “ஆறிப்போன காயத்தை இப்போது எழுதி என்ன பிரயோஜனம்?”

உலக சுகாதார ஸ்தாபனத்தின் பத்தாவது நோய்ப் பகுப்பு இதற்கு விடை தருகிறது. அடிபட்ட சமயத்தில் எஸ் 06 என்று குறிக்கப்படும் மூளைக்காயம், அதன் விளைவு ஓராண்டு கடந்தும் நீடிக்குமாயின் டி 90.5 என்னும் பிற்கால விளைவாகிறது. குறையேதும் மிஞ்சாமல் குணமானவருக்கோ அது இசட் 87.8 என்னும் பூர்வ சரித்திரமாக மட்டுமே நிற்கிறது. வைத்தியர் “பழைய தலைக்காயம்” என்று எழுதி நிறுத்திக்கொண்டால், இவற்றுள் எதுவென்று நிர்ணயிக்கக் குறியீடு இடுபவருக்கு வழியில்லை. ஊகித்து நிரப்ப அவருக்கு அதிகாரமும் இல்லை. எப்போது அடிபட்டது, எவ்வளவு நேரம் நினைவு தப்பியது, இன்றைய உபாதைக்கு அதுவே காரணமா என்பதெல்லாம் வைத்தியரின் கையெழுத்திலேயே இருக்கவேண்டும்.

நம்பிக்கை: “ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் மூளைக்கும் ஒன்றுமில்லை.”

சி.டி. ஸ்கேன் இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் காட்டவல்லது. மூளை அதிர்ச்சியில் அது பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். ஆயினும் தூக்கமின்மை, எரிச்சல், கவனச் சிதறல் ஆகியவை சிலரை மாதக்கணக்கில் வாட்டுகின்றன. வீட்டார் “ஆளே மாறிவிட்டார்” என்று சொல்வது வெறும் புலம்பலன்று, குறிப்பில் ஏறவேண்டிய சாட்சியம்.

நம்பிக்கை: “கடலில் வந்த மயக்கத்தையும் தலைக்காயம் என்றே எழுதிவிடலாம்.”

இதுதான் நம் கரைக்கே உரிய பிழை. 1961இல் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பு வரையில், குளியாளிகள் கல்லைப் பற்றி இறங்கி மூச்சடக்கியே சிப்பி எடுத்தார்கள். இன்று சங்கு குளிப்பவர்களில் பலர் கம்ப்ரசர் குழாய் வழியே மூச்சு விட்டபடி நெடுநேரம் அடியில் தங்குகிறார்கள். அழுத்தத்தில் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன், அவசரமாக மேலேறும்போது குமிழிகளாகப் பிரிந்து, மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கக்கூடும். இது டி 70.3 என்னும் தனி வியாதி. அழுத்த அறையில் பிராணவாயு அளிப்பதே இதற்குரிய பிரதான சிகிச்சை. எத்தனை பாகம் ஆழம், எவ்வளவு நேரம், எவ்வளவு வேகத்தில் ஏறினார் என்று கேட்டு எழுதாவிட்டால், தொழில் தந்த நோய் வெறும் பக்கவாதமாகப் பதிவாகிவிடும்.

நம்பிக்கை: “காகிதங்கள் ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருக்கும்.”

மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை ஆரம்பித்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருப்பதே கட்டாயம். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்றும் அதிலேயே விதி உண்டு. ஆகவே டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் விபத்துப் பதிவேட்டின் நகலையும் அந்த 3 ஆண்டுகளுக்குள்ளேயே குடும்பத்தார் கேட்டு வாங்கிவிட வேண்டும்.