முதலாவதாகப் போடாவிட்டால் இடம் கிடைக்காதா?

“முதலாவதாப் போடாட்டி அந்தப் பள்ளிக்கூடம் பிள்ளையை எடுக்காதாம், அக்கா.”

லண்டனில் ஹாரோ, இல்ஃபோர்ட், டூட்டிங், சட்டன் என்று தமிழர்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளில், அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி வாசலில் இந்தப் பேச்சு தவறாமல் அடிபடும். பேசுகிறவர்களின் மகள்கள் ஆறாம் ஆண்டில் படிக்கிறார்கள். கிராமர் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வான ‘லெவன் பிளஸ்’ஸைச் செப்டம்பரில் எழுதிவிட்டார்கள். எந்தெந்தப் பள்ளி வேண்டும் என்ற விண்ணப்பம் அக்டோபர் 31க்குள் கவுன்சிலுக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் காதுவழி வரும் ஒரு தவறான செய்தி, பிள்ளை பாடுபட்டுப் படித்ததை வீணாக்கிவிடக் கூடும்.

இங்கிலாந்தில் இன்று 163 அரசு கிராமர் பள்ளிகள் இருக்கின்றன. கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு மட்டும் உண்டு. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு நாடு முழுக்கப் பரவியிருந்த இந்த முறையை, அறுபதுகளிலிருந்து பெரும்பாலான பகுதிகள் கைவிட்டன. கென்ட், பக்கிங்காம்ஷயர், லிங்கன்ஷயர் போன்ற மாவட்டங்களும் லண்டன், பர்மிங்காம் போன்ற நகரங்களில் சில மூலைகளும்தான் மிச்சம். புதிய கிராமர் பள்ளி தொடங்க 1998ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டது. எனவே இருக்கிற பள்ளிகளை நோக்கிக் கூட்டம் குவிகிறது. 1911இல் தொடங்கிய ஹென்ரியட்டா பார்னெட் பெண்கள் பள்ளியில் நூற்றுச் சொச்சம் இடங்களுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுமிகள் போட்டியிடுகிறார்கள். கிங்ஸ்டனில் டிஃபின் பெண்கள் பள்ளி, சட்டனில் நான்சச், வாலிங்டன், ரெட்பிரிட்ஜில் வுட்ஃபோர்ட் கவுன்டி என்று தமிழ் வீடுகளில் அடிபடும் மற்றப் பெயர்களுக்கும் இதே நெருக்கடிதான்.

முதலில் அந்த வாசல் பேச்சையே எடுத்துக்கொள்வோம். லண்டனில் ஒரு பிள்ளைக்கு ஆறு பள்ளிகள் வரை விருப்ப வரிசையில் எழுதலாம். பெற்றோர் அந்தப் பள்ளியை ஒன்றாவதாகப் போட்டார்களா, ஐந்தாவதாகப் போட்டார்களா என்பது பள்ளிக்குத் தெரியவே தெரியாது. பள்ளி செய்வது ஒன்றுதான்: விண்ணப்பித்த எல்லோரையும் தன் விதிப்படி வரிசைப்படுத்தி, அந்தப் பட்டியலைக் கவுன்சிலுக்குக் கொடுக்கிறது. ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று பள்ளிகளில் இடம் விழுந்தால், அவற்றுள் பெற்றோரின் வரிசையில் மேலே இருப்பதைக் கவுன்சில் கொடுத்துவிட்டு மற்ற இடங்களை விடுவிக்கிறது.

ஒரு விண்ணப்பத்தைப் பார்க்கலாம். ஒன்று நான்சச், இரண்டு வாலிங்டன், மூன்று வீட்டுக்குப் பக்கத்தில் தேர்வு வைக்காத ஒரு பெண்கள் பள்ளி. தாய்க்குப் பயம்: “மூன்றாவதாகப் போட்டதால் பக்கத்துப் பள்ளியும் கைவிட்டுப் போய்விடுமோ?” போகாது. நான்சச்சிலும் வாலிங்டனிலும் இடம் விழாவிட்டால், அந்தச் சிறுமியின் மூன்றாவது விருப்பம் அவளுடைய முதல் விருப்பமாகவே நடத்தப்படும். பக்கத்துப் பள்ளியை முதலாவதாக எழுதிய இன்னொரு பிள்ளை ஒரு மைல் தள்ளி இருந்து, இவள் அரை மைலில் இருந்தால், தூரத்தைப் பார்க்கும் அந்தப் பள்ளியில் இடம் இவளுக்குத்தான். ஆகவே உண்மையில் எது வேண்டுமோ அதையே அந்த வரிசையில் எழுதுவதில் ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டம் வருவது வேறோர் இடத்தில்: ஆறு வரியிலும் கிராமர் பள்ளிகளையே நிரப்பிவிட்டு, நிச்சயம் கிடைக்கக் கூடிய பள்ளி ஒன்றைக்கூட எழுதாமல் விடுவது.

இந்தப் பயம் வானத்திலிருந்து குதித்ததல்ல. தங்களை முதலாவதாக எழுதியவர்களுக்கே முதலிடம் என்று சில பள்ளிகள் ஒரு காலத்தில் வெளிப்படையாகவே விதி வைத்திருந்தன. 2007ஆம் ஆண்டுச் சேர்க்கை விதிமுறை அதைத் தடை செய்தது. அதற்கு முன்பு பிள்ளையைச் சேர்த்த அண்ணன்மாரும் அக்காமாரும் சொன்ன புத்திமதி அன்று சரி. இன்று அது பிள்ளைக்குக் கெடுதல்.

இன்னொரு குழப்பமும் உண்டு. தேர்வுக்குப் பதிவது வேறு, பள்ளிக்கு விண்ணப்பிப்பது வேறு. முதலாவது, தேர்வுக்கு முந்திய கோடையில், பள்ளியிடமோ தேர்வு நடத்தும் அமைப்பிடமோ. இரண்டாவது கவுன்சிலிடம். தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தாலும், கவுன்சில் விண்ணப்பத்தில் அந்தப் பள்ளியின் பெயர் இல்லையென்றால் இடம் இல்லை.

இலங்கையிலிருந்து வந்த பெற்றோர் பலர் தம்மை அறியாமலே ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை மனதில் வைத்துக்கொண்டுதான் லெவன் பிளஸ்ஸைப் பார்க்கிறார்கள். அங்கே நாடு முழுக்க ஒரே பரீட்சை, 200 புள்ளி, வெட்டுப்புள்ளி. வேம்படி மகளிர் பாடசாலைக்கு இத்தனை புள்ளி என்று பத்திரிகையில் வந்துவிடும். இங்கே அப்படி ஒரே தேர்வு கிடையாது. சட்டனின் ஐந்து கிராமர் பள்ளிகளும் முதல் கட்டத்தைப் பொதுவாக நடத்துகின்றன, ஆங்கிலமும் கணக்கும். ஹென்ரியட்டா பார்னெட்டில் முதல் சுற்றில் மொழித் தர்க்கமும் வடிவத் தர்க்கமும் வரும். அதில் முன்னே வரும் சுமார் 300 பேருக்கே இரண்டாம் சுற்று. டிஃபினில் இரண்டு கட்டமும் ஆங்கிலம், கணக்கு. ஒரு பள்ளிக்காக வாங்கிய பயிற்சிப் புத்தகக் கட்டு இன்னொரு பள்ளிக்கு உதவாமலே போகலாம்.

‘மதிப்பெண் எடுத்தால் இடம்’ என்பதும் முழு உண்மையல்ல. பக்கிங்காம்ஷயரில் தகுதி மதிப்பெண் 121. அது 121க்கு இத்தனை என்ற கணக்கல்ல. மற்றப் பிள்ளைகளோடும் வயதோடும் ஒப்பிட்டுச் சீராக்கிய எண். அதை எடுத்தவர் தொகை ஒரு பள்ளியின் இடங்களைவிடக் கூடினால், அந்தப் பள்ளி தன் எல்லைக்குள் வசிப்பவர்களைத்தான் முதலில் பார்க்கும். டிஃபின் பெண்கள் பள்ளி எந்தெந்த அஞ்சல் குறியீடுகளுக்கு முன்னுரிமை என்று பட்டியலே வெளியிடுகிறது. வீடு எங்கே என்று பார்க்காமல் பிள்ளையை நாலு ஊருக்கு இழுத்துப்போய்த் தேர்வு எழுத வைப்பது அவளுக்குச் செய்யும் அநியாயம். ஒவ்வொரு பள்ளியும் தன் சேர்க்கை விதிகளை வெளியிட்டே ஆக வேண்டும். ட்யூஷன் ஆசிரியரைத் தேடுவதற்கு முன் அந்தப் பத்துப் பக்கத்தை ஒரு மாலை உட்கார்ந்து வாசிக்கலாம்.

வயதைப் பற்றிய கவலையும் சேர்ந்தே வரும். செப்டம்பர் 1இல் பிறந்தவளும் அடுத்த ஆகஸ்ட் 31இல் பிறந்தவளும் ஒரே வகுப்பு. இடையில் ஏறக்குறைய ஒரு வருடம். சின்னவள் தோற்றுவிடுவாளே? பெரும்பாலான பள்ளிகள் வயதுக்கேற்ப மதிப்பெண்ணைச் சீராக்குவது இதற்காகத்தான்.

இனி, பெண் பிள்ளைகளைப் பற்றிய பழைய நம்பிக்கை ஒன்று. கணக்கும் தர்க்கமும் பையன்களுக்கு உரியவை, பெண்கள் பள்ளிக்கு அதனால் மட்டம் குறைவு என்று இன்றும் சில வீடுகளில் நினைக்கிறார்கள். வரலாறு நேர் எதிராக இருக்கிறது. லெவன் பிளஸ் நாடு முழுக்க நடந்த காலத்தில் பதினொரு வயதுச் சிறுமிகள் பையன்களைவிட நன்றாகவே எழுதினார்கள். இடங்களை மதிப்பெண்படி கொடுத்திருந்தால் கிராமர் பள்ளிகளில் பெண்களே மிகுந்திருப்பார்கள். பல கல்வி அதிகார சபைகள் என்ன செய்தன? பெண்கள் சீக்கிரம் முதிர்கிறார்கள், பையன்கள் பிறகு எட்டிப்பிடிப்பார்கள் என்று காரணம் சொல்லி, இரு பாலாருக்கும் தனித்தனி வரிசை வைத்தன. அதே மதிப்பெண்ணில் பையன் உள்ளே, பெண் வெளியே.

இது எங்கோ பழங்காலத்துக் கதையல்ல. வட அயர்லாந்தில் பெண்களுக்கும் பையன்களுக்கும் தனித்தனியே மதிப்பெண் சீராக்கியது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் சொன்னது 1988இல். பர்மிங்காமில் அன்று ஆண்டுதோறும் பையன்களுக்குச் சுமார் 540 கிராமர் இடங்கள், பெண்களுக்குச் சுமார் 360. இடம் குறைவென்பதால் ஒரு சிறுமி பையனைவிட அதிகம் எடுத்தால்தான் உள்ளே போக முடிந்தது. சம வாய்ப்பு ஆணையம் வழக்குத் தொடுத்தது. வேண்டுமென்றே செய்யவில்லை, பழைய அறக்கட்டளைகள் அமைத்த பள்ளிகள் அப்படி அமைந்துவிட்டன என்பது கவுன்சிலின் வாதம். எண்ணம் எதுவானாலும் விளைவு பாகுபாடுதான் என்று பிரபுக்கள் சபை 1989இல் தீர்ப்பளித்தது. பாகுபாட்டுச் சட்டம் படிக்கிறவர்களின் பாடத்தில் அந்த வழக்கு இன்றும் இருக்கிறது. இன்று ஐம்பது வயதை எட்டும் பர்மிங்காம் பெண்களில், பதினொரு வயதில் தோற்றதாக நம்பிக்கொண்டு வளர்ந்த சிலர், பையனாக இருந்திருந்தால் அதே தாளில் வென்றிருப்பார்கள்.

தேர்வு பிறவி மூளையை அளக்கிறது என்ற நம்பிக்கைக்கும் ஒரு முன்கதை உண்டு. 1913இலிருந்து லண்டன் கவுன்டி கவுன்சிலின் உளவியலாளராக இருந்த சிரில் பர்ட், அறிவு பெரும்பாலும் பரம்பரையால் வருவது என்று வாதிட்டவர். சிறு வயதிலேயே பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் முறைக்கு அவர் கருத்துகள் பலம் சேர்த்தன. தனித்தனியே வளர்ந்த இரட்டையரை ஆராய்ந்து, இருவரின் அறிவும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அவர் காட்டிய எண் 0.771. ஆராய்ந்த இரட்டையர் தொகை கூடக் கூட, மூன்று தசம இடம் வரை அந்த எண் அசையாமல் நின்றது. 1974இல் உளவியலாளர் லியோன் கேமின் இதைச் சுட்டிக்காட்டினார். தரவுகள் இட்டுக்கட்டியவை என்ற முடிவுக்கு, 1979இல் பர்ட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஹெர்ன்ஷாவே வந்தார். பர்ட்டுக்காகப் பிறகு வாதாடியவர்கள் உண்டு. ஆனால் அந்த எண்ணின் மேல் யாரும் இனி ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைக் கட்ட மாட்டார்கள்.

பயிற்சி இந்தத் தேர்வில் உதவும். பயிற்சிக்கு மசியாத தேர்வு என்று பேரெடுத்த டரம் பல்கலைக்கழக மையத்தின் வினாத்தாளுக்கு 2013இல் மாறிய பக்கிங்காம்ஷயர், சில ஆண்டுகளில் பழைய நிறுவனமான ஜிஎல்லுக்கே திரும்பியது. எவ்வளவு பயிற்சி என்பதுதான் கேள்வி. விடைத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் கேள்வித்தாள் வேறு, விடைத்தாள் வேறு. விடைத்தாளில் கேள்வி எண்ணுக்கு நேரே சின்னஞ்சிறு பெட்டிகள். சரியான பெட்டிக்குள் பென்சிலால் ஒரு கோடு. பதினேழாவது கேள்வியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்ட சிறுமி, பதினெட்டுக்குரிய கோட்டைப் பதினேழுக்கு நேரே போட்டுவிட்டால், அதற்குப் பின் எல்லாம் ஒரு வரி தள்ளிவிடும். இதற்கு மூளையும் காரணமில்லை, முயற்சியும் காரணமில்லை. தாளைப் பார்த்த பழக்கம் இல்லை, அவ்வளவுதான். வடிவத் தர்க்கமும் அப்படியே. ஆரம்பப் பள்ளியில் சொல்லித்தராத பாடம். முதல் முறை பார்த்தால் திகைப்பு, சில வாரம் பார்த்தால் தெளிவு. ஜிஎல் நிறுவனமே மாதிரித் தாள்களை இலவசமாகத் தருகிறது. நாலாம் ஆண்டிலிருந்தே வார இறுதி முழுவதையும் ட்யூஷனுக்குத் தின்னக் கொடுப்பதற்கு இவை எதுவும் நியாயமாகாது.

அப்படிக் கொடுக்கும்போது முதலில் பலியாவது தமிழ் வகுப்பு. வீட்டில் தமிழ் பேசினால் ஆங்கிலத் தாளில் பிள்ளை பின்தங்கும் என்ற அச்சமும் கூடவே வருகிறது. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள், ஆரம்பப் பள்ளி முடிவிலிருந்து பதினாறு வயது வரை காட்டும் முன்னேற்றத்தில், ஆங்கிலம் மட்டுமே பேசுகிறவர்களைச் சராசரியில் முந்துகிறார்கள் என்பதைக் கல்வித் துறையின் புள்ளிவிவரங்களே காட்டுகின்றன. நாட்டுக்குப் பிந்தி வந்த பிள்ளைக்குச் சிரமம் உண்டு. அது தமிழால் வருவதல்ல, ஆங்கிலத்தோடு பழகிய காலம் குறைவானதால் வருவது. அம்மம்மாவோடு தமிழில் கதைப்பதை நிறுத்துவதால் அதற்கு ஒரு மதிப்பெண்ணும் கூடாது.

கிராமர் பள்ளி ஏழைப் பிள்ளைக்கு ஏணி என்று சொல்வார்கள். சட்டன் டிரஸ்ட் என்ற கல்வி அறக்கட்டளை 2013இல் பார்த்தபோது, கிராமர் பள்ளிகளில் நுழைந்தவர்களுள் இலவச மதிய உணவுக்குத் தகுதியானவர்கள் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. அந்த வட்டாரங்களின் சராசரியோ நூற்றுக்குப் பதினெட்டு. இதன் பிறகு டிஃபின், பர்மிங்காமின் கிங் எட்வர்ட் கிராமர் பள்ளிகள் உள்ளிட்ட பல பள்ளிகள் அத்தகைய பிள்ளைகளுக்கு முன்னுரிமை வைத்தன. இங்கே தமிழ்க் குடும்பங்கள் ஒன்றைத் தவறவிடுகின்றன. லண்டனில் 2023 செப்டம்பர் முதல் அரசு ஆரம்பப் பள்ளிகளில் எல்லோருக்கும் மதிய உணவு இலவசம். ‘அதுதான் சாப்பாடு கிடைக்குதே’ என்று வருமானம் குறைந்த பெற்றோர் தங்கள் தகுதியைத் தனியே பதிவதில்லை. சிலருக்கு வெட்கம். ஆனால் முன்னுரிமைக்குக் கணக்கில் வருவது உணவல்ல, அந்தப் பதிவு.

கிராமரில் படித்தால்தான் முன்னுக்கு வரலாம் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். உள்ளே வரும்போதே பிள்ளைகளிடம் இருந்த வேறுபாட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கிராமர் பள்ளிகள் மற்றப் பள்ளிகளைவிடக் கூடுதலாக எதையும் சாதிப்பதில்லை என்று டரம் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் கோரார்டும் நாடியா சித்திக்கியும் 2018இல் எழுதினார்கள். பிளாக்பர்னில் தௌஹீதுல் இஸ்லாம் பெண்கள் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு வைப்பதில்லை. பிள்ளைகளின் முன்னேற்றத்தை அளக்கும் தேசியப் பட்டியலில் அது நாட்டின் முன்வரிசையில் நின்றிருக்கிறது.

பதினொரு வயதோடு கதவு அடைபடுவதும் இல்லை. ஹென்ரியட்டா பார்னெட், நான்சச் போன்ற பள்ளிகள் பதினாறு வயதில், பன்னிரண்டாம் ஆண்டுக்கு வெளிப் பிள்ளைகளையும் சேர்க்கின்றன. அதற்கு முன்பே, மார்ச் 1இல் வரும் முடிவு பிடிக்காவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். காத்திருப்புப் பட்டியலிலும் இருக்கலாம். அந்தப் பட்டியலைப் பள்ளி குறைந்தது டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. வாசல் பேச்சின் கடைசித் தவறு இங்கேதான்: கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டால் கிராமர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, சிலர் பதில் அனுப்பாமலே இருந்துவிடுகிறார்கள். ஏற்றுக்கொண்டாலும் பட்டியலில் பெயர் இருக்கும். பதில் அனுப்பாமல் விட்டால்தான், கையில் இருக்கும் இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விடக் கூடும்.