விசுக்கோத்தும் போறணையும்



இவ்வாண்டு மலருக்கு இலக்கணக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு கேட்டனர். நானோ பலகாரம் சுடுவதைப் பற்றி எழுத அமர்ந்துள்ளேன். பெற்றோர் பொறுத்தருள்க. இதற்குள் இரண்டு சொற்களின் வரலாறும், சிறிது வேதியியலும், ஒரு கிரேக்க மூதாட்டியும் உண்டு.

சென்ற தவணையில் ஒரு மாணவியின் அம்மம்மா நமது வகுப்பு வாயிலில் வந்து நின்று, "பிள்ளையளுக்கு விசுக்கோத்து கொண்டு வந்தனான்" என்றார். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அன்று முதல் அவர் உள்ளே வருவதில்லை. பேத்தியை இறக்கிவிட்டு வாகனத்திலேயே இருந்துவிடுகின்றார். அன்று உங்களைத் திருத்தாமல் விட்ட குற்றம் என்னுடையது. ஆகவே அப்பாடத்தை இப்போது நடத்துகின்றேன்.

ஆங்கிலச் சொல்லைச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவர் சொல்வதே 'விசுக்கோத்து' என நீங்கள் எண்ணினீர்கள். அது தவறு. இலத்தீன் மொழியில் 'பிஸ்' என்றால் இருமுறை, 'கொக்துஸ்' என்றால் வெந்தது. இருமுறை வெந்தது என்னும் பொருளுடைய அத்தொடரே இத்தாலியில் 'பிஸ்கொத்தோ' ஆயிற்று. போர்த்துக்கேய மொழியில் 'பிஸ்கொய்ட்டு' ஆயிற்று. 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1658 வரை அங்கே ஆண்டனர். அவர்கள் வாயிலிருந்து நம் முன்னோர் கேட்டு, தமிழ் ஓசைக்கு இசைவாக்கி வைத்துக்கொண்ட சொல்லே விசுக்கோத்து. ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தில் கால் வைப்பதற்கு நூறாண்டுகளுக்கும் முற்பட்ட தொடர்பு அது. அம்மம்மா சொன்னதில் பிழை எதுவும் இல்லை.

இனி, இருமுறை வெந்த உண்மையான விசுக்கோத்தை நான் எங்கே கண்டேன் எனச் சொல்கின்றேன். 2013 இல் மெல்பேண் நகரில் ஒரு கிரேக்க மூதாட்டியின் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். வேலை செய்யும் அனுமதி அப்போது எனக்கில்லை. பத்தாண்டு காலம் கரும்பலகையின் முன் நின்றவன், பகல் முழுவதும் சுவரைப் பார்த்துக் கொண்டிருந்தேன். ஒரு நாள் அவர் என்னைச் சமையலறைக்கு அழைத்து, மாப்பையைத் தூக்கித் தருமாறு சைகை காட்டினார். பின்னர் அடுப்பைச் சுட்டி, 'ஃபூர்னொஸ்' என்றார். நான் திடுக்கிட்டேன். நாம் போறணை என்கின்றோம் அல்லவா? அது போர்த்துக்கேயரின் 'ஃபோர்னு' என்னும் சொல். போர்த்துக்கேயச் சொல்லும் கிரேக்கச் சொல்லும் 'ஃபுர்னுஸ்' என்ற ஒரே இலத்தீன் தாயின் பிள்ளைகள். ஊரில் பாண் போறணைக்கு முன்னால் வரிசையில் நின்ற எனக்கு, அந்நிய நாட்டில் முதன்முதலாக ஒரு சொல் உறவு முறை கொண்டாடியது.

பேரப்பிள்ளைகள் அவரை 'யாயா' என அழைப்பர். கிரேக்கத்தில் பாட்டியை அவ்வாறு சொல்வர். நமது சங்க நூல்களில் தாயைக் குறிக்கும் 'யாய்' என்ற சொல் நினைவுக்கு வந்தது. இரண்டுக்கும் தொடர்புண்டு என நான் கூற மாட்டேன். ஒலி ஒத்தால் உறவு என்று முடிவு கட்டுவது நல்ல மாணவனுக்கு அழகன்று.

அன்று அவர் செய்த பலகாரத்தின் பெயர் பக்சிமாதி. பாக்சமொஸ் என்னும் பழங்கால நூலாசிரியரின் பெயரால் அமைந்தது என்பர். துருக்கியர் அதனைப் பெக்சிமெத் என அழைக்கின்றனர். கிரேக்கத் திருச்சபையினர் உயிர்த்த ஞாயிறுக்கு முன் நெடுநோன்பு நோற்பர். அந்நாட்களில் இறைச்சி, மீன், முட்டை, பால், வெண்ணெய் எவையும் சேர்ப்பதில்லை. கடுமையாக நோற்போர் பல நாட்களில் எண்ணெயும் தவிர்ப்பர். நமது விரதத்தில் பால் உண்டு, அவர்களுக்கு இல்லை. அவர்களுக்கு இறாலும் கணவாயும் தேனும் உண்டு, நமக்கு இறாலும் கணவாயும் இல்லை! நோன்புப் பக்சிமாதியில் விலங்கிலிருந்து பெற்ற பொருள் ஒன்றும் கிடையாது. முட்டை ஒவ்வாத பிள்ளைகள் இருவர் நம் பள்ளியில் உள்ளனர், அவர்களும் உண்ணலாம்.

எவ்வளவு மா எனக் கேட்டேன். "அது எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு" என்றார். என் தாயாரும் அப்படியே சொல்வார். நான் கணித ஆசிரியன்; தராசு வாங்கி வந்தேன். அவர் கையால் இட்டதை நான் நிறுத்து எழுதினேன். நான்கு முறை நிறுத்தபின் கிடைத்த அளவு இது.

ஒலிவ் எண்ணெய் 120 மில்லிலீற்றர், சீனி 150 கிராம் இரண்டையும் நன்றாக அடித்துக் கலக்குக. தோடம்பழச் சாறு 120 மில்லிலீற்றரில் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவை இட்டால் நுரைத்துப் பொங்கும். பழத்தின் அமிலமும் சோடாவும் சேர்ந்து காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிடுகின்றன. சிறு பிள்ளைகளை அழைத்து இதைக் காட்டுக. அந்நுரையோடு எண்ணெயிற் சேர்த்து, 450 கிராம் கோதுமை மா, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு மேசைக்கரண்டி அனிசு விதை ஆகியவற்றை இடுக. (அவுஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லிலீற்றர், பிற நாட்டுப் புத்தகங்களில் 15. இதனால் பலகாரம் கெட்டவர் பலர்.) மாவை ரொட்டிக்குப் போல் அடித்துப் பிசையக் கூடாது, பிசைந்தால் எண்ணெய் கக்கிவிடும். கையில் ஒட்டாத பதம் வந்ததும் நிறுத்துக.

அனிசு விதை நமது பெருஞ்சீரகம் அன்று. பெருஞ்சீரகம் நீண்டு பச்சையாயிருக்கும். அனிசு சிறுத்து, சாம்பல் கலந்த நிறமாய், மெல்லிய மயிருடன் இருக்கும். ஆயினும் இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். அனெத்தோல் என்னும் ஒரே பொருளே இரண்டுக்கும் மணம் தருகின்றது. கிடைக்காவிடின் பெருஞ்சீரகத்தை இலேசாக இடித்துச் சேர்க்கலாம். யாயா முகம் சுளிப்பார், பலகாரம் கெடாது.

மாவை இரண்டாகப் பிரித்து, 25 சென்ரிமீற்றர் நீளமும் 7 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள கட்டைகளாக்கித் தட்டில் வைத்து, 175 பாகையில் அரை மணி நேரம் வெதுப்புக. எடுத்ததும் வெட்டாதீர்கள். துண்டுகளைப் பிடித்து வைக்க முட்டை இல்லை. சூட்டில் வெட்டினால் உதிரும், முற்றாக ஆறினால் நொறுங்கும். கால் மணி நேரம் பொறுத்து, பாண் வெட்டும் பற்கத்தியால் ஒன்றரைச் சென்ரிமீற்றர் கனத்தில் அறுக்க வேண்டும். வெட்டிய முகம் மேலே தெரியப் படுக்கவைத்து, 150 பாகையில் 20 நிமிடம், இடையில் ஒரு முறை திருப்பி, மீண்டும் வெதுப்புக. முதல் வெதுப்பில் மா வேகின்றது. இரண்டாவதில் நீர் நீங்குகின்றது. நீர் குறைந்த பண்டத்தில் பூஞ்சணம் எளிதிற் பிடிக்காது. மாலுமிகளும் படைவீரரும் இதனைச் சுமந்து சென்றமைக்குக் காரணம் அதுவே. முற்றாக ஆறியபின் தகரப் பேணியில் இறுக மூடினால் மூன்று வாரம் மொறுமொறுப்பாக இருக்கும்.

2019 அளவில் யாயாவின் நினைவு மங்கத் தொடங்கியது. முதலில் அவரை விட்டுச் சென்றது ஆங்கிலம். கடைசியில் கிரேக்கம் மட்டுமே எஞ்சியது. பேரனுக்குக் கிரேக்கம் தெரியாது. முதியோர் இல்லத்தில் அவர் பக்சிமாதி கேட்கிறார் என்று மட்டும் விளங்கிக்கொண்டு, அதன் அளவு தெரியாமல், அவன் என்னைத் தேடி வந்தான். நான் என் பழைய கொப்பியை எடுத்து, தமிழில் எழுதியிருந்ததை ஆங்கிலத்திற் சொல்லச் சொல்ல அவன் எழுதிக்கொண்டான். அவன் சுட்டுக் கொண்டுபோனதை யாயா முகர்ந்து பார்த்து, அனிசு போதாது என்று கிரேக்கத்தில் கடிந்துகொண்டாராம். அங்கிருந்த தாதி ஒருவர் அதை மொழிபெயர்த்துச் சொன்னார்.

விழா நாளன்று ஒரு பேணி கொண்டு வருவேன். வாகனத்தில் இருக்கும் அம்மம்மாவிடம் முதலில் கொண்டு செல்ல எனக்கு இரண்டு மாணவர் வேண்டும். சற்றுக் கடினமான பண்டம். தேநீரும் கூடவே கொண்டு செல்க. என்ன கொண்டு வந்தீர்கள் என அவர் கேட்டால், அதன் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்.