மார்பகப் புற்று வந்தவருக்கு மூச்சு வாங்கினால்...

"ஐயா, வாயுதான். நெஞ்சுலயே நிக்குது. ஒரு கஷாயம் கொடுங்க" என்று வந்தார் 58 வயது அம்மா ஒருவர். படுத்தால் மூச்சு முட்டுகிறது. எழுந்து முன்னால் குனிந்து உட்கார்ந்தால் தேவலை. பேச்சோடு பேச்சாக, 9 வருடம் முன்பு புற்றுக்காக மார்பகத்தை எடுத்ததைச் சொன்னார். நான் கஷாயம் கொடுக்கவில்லை. அன்றே எக்கோ எடுக்க அனுப்பினேன்.

இதயத்தைச் சுற்றி ஓர் உறை உண்டு. அதில் சாதாரணமாக 15 முதல் 50 மி.லி. நீர்தான் இருக்கும். திரும்பி வரும் மார்பகப் புற்று சிலருக்கு இந்த உறையில் பரவி, நீர் கோத்துக்கொள்ளும். நீர் அழுத்துவதால் இதயம் விரிந்து ரத்தத்தை வாங்க முடியாது. ரத்த அழுத்தம் இறங்கும். கழுத்து நரம்பு புடைக்கும். உடனே ஊசி மூலம் நீரை எடுத்தால் உயிரைக் காப்பாற்றலாம். அந்த அம்மாவுக்கும் அப்படித்தான் எடுத்தார்கள். புற்றுக்கான சிகிச்சை தொடர்கிறது.

தாய்மார்களே, "அஞ்சு வருஷம் தாண்டிடுச்சே, இனி என்ன?" என்று இருந்துவிடாதீர்கள். இந்த நோய் 10, 15 ஆண்டு கழித்தும் திரும்பலாம். அதற்காக எல்லா மூச்சிரைப்பையும் புற்று என்று பயப்படவும் வேண்டாம். ரத்தசோகையாலும் வரும், சில புற்று மருந்துகளால் இதயம் பலவீனப்பட்டும் வரும். பரிசோதித்தால்தான் தெரியும்.

மருதம்பட்டை இதயத்துக்கு நல்லது என்று நாங்கள் படித்ததுதான். ஆனால் கோத்த நீரை அது வடிக்காது. எந்த வைத்தியரிடம் போனாலும், பழைய ஆபரேஷனை முதலில் சொல்லுங்கள்.