அவரையும் அழைத்துக்கொண்டு கிளம்புவோம்



மரத்திலிருந்து விழுந்தோ, பைக் விபத்திலோ முதுகுத்தண்டில் அடிபட்டு, கால் செயலிழந்த கணவரைக் கவனிக்கும் உறுப்பினர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓட்டம். மாலையில் திரும்பினால் வீட்டு வேலை. உறவில் கல்யாணம் வந்தாலும், "அவரை எப்படிங்க கூட்டிட்டுப் போறது?" என்று இரண்டு பேருமே தங்கிவிடுகிறார்கள். வேளைக்குச் சோறும் மருந்தும் கொடுத்தால் மட்டும் போதுமா? நாலு பேரைப் பார்த்துப் பேசினால்தானே மனசுக்குத் தெம்பு!

நம் வேலூரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. சி.எம்.சி. மருத்துவமனை டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல் கார் விபத்தில் சிக்கி இரு கால்களின் செயலையும் இழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாடு சென்று பயிற்சி பெற்றார். 1966ல் பாகாயத்தில் தொடங்கிய மறுவாழ்வு மையம் இவர் முயற்சியால் உருவானது. 1972ல் பத்மஸ்ரீ பெற்றார்.

"அவங்க டாக்டர், நம்மால ஆகுமா?" என்று நினைக்க வேண்டாம். அவருக்கும் பயிற்சி, சரியான நாற்காலி, கைகொடுக்க ஆட்கள் மூன்றும் தேவைப்பட்டன. நமக்கும் அதுவேதான்.

கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை:

1. முதலில் அவரைக் கேளுங்கள். எங்கே போவது, எப்போது திரும்புவது என்று அவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

2. உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் வந்தால் வலி தெரியாது. நல்ல மெத்தை போட்டு உட்காரவையுங்கள். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ, பக்கவாட்டில் சாய்ந்தோ ஓரிரு நிமிடம் இருக்கச் சொல்லுங்கள். வெயிலில் நின்ற வண்டி சீட் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. நீங்கள் தொட்டுப் பாருங்கள். வீடு திரும்பியதும் இடுப்பு, குதிகாலில் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

3. சிறுநீருக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். கிருமித் தொற்றும் கல்லும் வரலாம். டாக்டர் சொன்ன நேரப்படி சிறுநீரை வெளியேற்றத் தேவையான பொருட்களைத் தனிப் பையில் வையுங்கள்.

4. தனியாகத் தூக்காதீர்கள். உங்கள் இடுப்பு போனால் குடும்பமே முடங்கும். அவரை இடம் மாற்றும் முறையைப் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளுங்கள். வாசலில் அரை அடிப் படி இருந்தால் 6 அடி நீளத்துக்குச் சாய்தளம் போடுங்கள்.

5. சலுகைகளை விடாதீர்கள். 2021 முதல் அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. துணையில்லாமல் பயணம் செய்ய முடியாதவர் என்று அரசு டாக்டர் சான்று தந்தால், ரயிலில் இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பரில் இருவருக்குமே 75 சதவீதம் சலுகை உண்டு. அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் செல்ல வேண்டும். 2019ல் மாவட்டம் பிரிந்ததால் ஆம்பூர், வாணியம்பாடி சகோதரிகளுக்கு அது திருப்பத்தூரில் இருக்கிறது.

முதல் நாளே தூரமாகப் போக வேண்டாம். தெருமுனை டீக்கடை, அடுத்த வாரம் சந்தை, பிறகு காட்பாடியில் ரயில் ஏறலாம்!

குழுக் கூட்டத்தில் பேசுவோம்:
• நம் குழுவில் வெளியே வராமல் இருக்கும் கணவர் யார்?
• அவர் வீட்டுச் சாய்தளத்துக்குக் குழு எப்படி உதவலாம்?
• அடுத்த விசேஷத்துக்கு அவர்களுடன் துணைக்குப் போகப்போவது யார்?