படத்தில் தெரிவது ஓட்டம்

அன்புள்ள மருமகனுக்கு,

பாலக்காட்டில் எம்.ஆர்.ஐ. பிரிவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று அக்கா போனில் சொன்னாள். சந்தோஷம். இதே வேலையில் நரைத்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன்: படம் சரியாக வருவது, நோயாளியோடு நீ முன்னால் பேசும் ஐந்து நிமிஷத்தில் இருக்கிறது.

எம்.ஆர். ஆஞ்சியோ என்றால் ரத்தக்குழாயைப் படமெடுப்பதாக எல்லாரும் நினைக்கிறார்கள். மூளைக்கு எடுக்கும் ‘டைம் ஆஃப் ஃபிளைட்’ முறையில் திரையில் தெரிவது ரத்த ஓட்டம்தான். ஊசி மருந்தே வேண்டாம். ரேடியோ அலை திரும்பத் திரும்பப் படும்போது, அசையாத திசு மங்கிப்போகும். புதிதாக உள்ளே பாயும் ரத்தம் மட்டும் பளிச்சிடும். ஆகவே ஓட்டம் மெதுவானாலோ சுழித்தாலோ, இருக்கிற குழாயும் அறுந்தமாதிரி தெரியும். சிறிய சுருக்கம் பெரிய அடைப்பாகத் தெரியும். நோயாளி தலையை அசைத்தாலும் இதே குழப்பம்தான். சுழலும் அழகான முப்பரிமாணப் படத்தோடு நிற்காதே. அடுக்கடுக்கான மூலப் படங்களைப் பார். அசைந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்.

உன்னிடம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழரும் வருவார்கள், மலையாளிகளும் வருவார்கள். அவரவர் பேச்சில் சொல்: சத்தம் பலமாக இருக்கும், காதை அடைத்துவிடுவேன், இத்தனை நிமிஷம் ஆகும், பயமாக இருந்தால் இந்தப் பலூனை அமுக்குங்கள். பயம் தெளிந்தவர் ஆடமாட்டார்.

படிவத்தில் ‘உலோகம் இல்லை’ என்று கையெழுத்து இருந்தாலும் வாய்விட்டுக் கேள். நம் பெண்களின் தாலிக்கொடியில் நாலைந்து ஊக்கு தொங்கும். அது நகை என்றே அவர்களுக்குத் தோன்றாது. பேஸ்மேக்கர், மூளையில் போட்ட கிளிப், வெல்டிங் பட்டறையில் இருந்தவர் கண்ணில் இரும்புத்துகள், எதையும் விடாதே. கெடோலினியம் என்ற ஊசி மருந்து போடவேண்டி வந்தால் கிட்னி ரிப்போர்ட்டைப் பார். கிட்னி பழுதானவர்களுக்குப் பழைய வகை மருந்துகளால் தோல் இறுகும் நோய் வரக்கூடும் என்பது 2006-ல் தெரியவந்தது.

உலோகத்தை இவ்வளவு கேட்பதற்குக் காரணம் இருக்கிறது: ஸ்கேனரின் 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிட சுமார் 30,000 மடங்கு பலமானது. ஸ்கேன் ஓடாதபோதும் அது அணையாது. 2018 ஜனவரியில் மும்பையில், உறவினருக்காக ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஸ்கேன் அறைக்குள் போன இளைஞர் காந்தத்தில் இழுபட்டு உயிரிழந்தார்.

வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும், யார் அவசரப்படுத்தினாலும், கேட்டுச் சோதிக்காமல் ஒருவரையும் அந்தக் கதவுக்குள் விடாதே.

அன்புடன்,
மாமா