பன்றிகளில் இருமல்: காரணமறியப் பி.சி.ஆர். சோதனை

பன்றிக் கொட்டிலில் இருமல் கேட்டதும் பெனிசிலின் ஊசி போடுவது பலரிடம் உள்ள வழக்கம். இதில் பல சமயம் பணம் செலவாகிறதே தவிர இருமல் நிற்பதில்லை. இருமலுக்குக் காரணமான நோய்கள் பல. அவற்றுக்கெல்லாம் மருந்து ஒன்றல்ல.

நோய்கள்

மைக்கோபிளாஸ்மா நிமோனியாவில் வறட்டு இருமல் வாரக்கணக்கில் நீடிக்கும். தீனி தின்றும் எடை சரிவர ஏறாது. பெனிசிலின் கிருமியின் செல்சுவர் உருவாவதைத் தடுக்கும் மருந்து. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது. ஆகவே அம்மருந்து இதற்குப் பயன்படாது.

இன்புளூயன்சாவும், இந்தியாவில் 2013-ல் மிசோரத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பி.ஆர்.ஆர்.எஸ். நோயும் வைரசால் வருபவை. வைரசை ஆன்டிபயாடிக் மருந்து அழிக்காது.

ஆக்டினோபேசில்லஸ் என்ற பாக்டீரியா தாக்கினால் பன்றிகள் திடீரென இறக்கும்; மூக்கில் இரத்தம் கலந்த நுரை காணலாம். தக்க மருந்தைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் மற்றவற்றைக் காப்பாற்றலாம்.

சோதனையின் தத்துவம்

பி.சி.ஆர். சோதனை கிருமியின் மரபுப்பொருளைத் தேடுகிறது. விதைப் பெருக்கம் போல ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக அது பெருக்கப்படுகிறது. முப்பது சுற்றுகளில் ஒன்று நூறு கோடிக்கு மேலாகும். ஆகவே மிகச் சிறிய அளவில் உள்ள கிருமியும் புலப்படும்.

மாதிரி எடுத்தல்

* மருந்து கொடுக்கும் முன்னரே கால்நடை மருத்துவரை அழைத்து மாதிரி எடுக்கச் செய்யுங்கள்.
* இன்புளூயன்சா எனச் சந்தேகித்தால் காய்ச்சல் கண்ட முதல் சில நாட்களுக்குள் மூக்குச் சளி எடுக்க வேண்டும்.
* மைக்கோபிளாஸ்மாவுக்கு மூக்குச் சளி போதாது; தொண்டையின் உட்பகுதியிலிருந்து எடுப்பதே நன்று.
* கொட்டில் முழுவதற்கும் பொதுவாக அறிய, சுத்தமான பருத்திக் கயிற்றைப் பன்றியின் தோள் உயரத்தில் 20 முதல் 30 நிமிடம் தொங்கவிட்டு, அவை மென்றபின் எச்சிலைப் பிழிந்தெடுக்கலாம்.
* மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து அன்றே அனுப்புங்கள்.
* இறந்த பன்றியை நீங்களே அறுக்காதீர்கள். பன்றி இன்புளூயன்சா மனிதருக்கும் தொற்றக்கூடும். முகக்கவசம் அணிந்து, வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள்.

முடிவை எவ்வாறு கொள்வது?

கிருமி இருக்கிறது என்று முடிவு வந்தாலே அதுதான் இருமலுக்குக் காரணம் என்று கொள்ளலாகாது. பாஸ்சுரெல்லா போன்றவை நலமான பன்றியின் மூக்கிலும் இருக்கும். செத்த கிருமியின் மரபுப்பொருளையும் இச்சோதனை காட்டும். இல்லை என்று வந்தாலும், மாதிரி தவறான இடத்திலோ காலங்கடந்தோ எடுக்கப்பட்டிருக்கலாம். எனவே இருமல் தொடங்கிய நாள், பன்றிகளின் வயது, காய்ச்சல், இறந்தவற்றின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து வைத்து, முடிவுடன் சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

காரணமறிந்து மருந்திட்டால் வீண் செலவு குறையும். பன்றிகளும் உரிய காலத்தில் விற்பனை எடையை எட்டும்.