வைகை கடலில் கலந்தால் வீணா?

கடற்கரை இல்லாத மாவட்டம் நம் தேனி. அதனாலேயே கடலைப் பற்றிய சில எண்ணங்களை யாரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அவற்றில் பெரியது இது: "ஆத்துத் தண்ணி கடல்ல போய்ச் சேர்ந்தா அத்தனையும் வீண்."

இப்படி நினைக்க நமக்குக் காரணம் உண்டு. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்த பெரியாற்று நீரை 1895-இல் பொறியாளர் பென்னிகுவிக் கிழக்கே திருப்பினார். கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளைவது அதனால்தான். லோயர்கேம்பில் அவருடைய மணிமண்டபத்தில் நாம் கைகூப்புவதும் அந்த நன்றிக்காகத்தான். ஆனால் வயலுக்கு வராத தண்ணீரெல்லாம் வீண் என்று இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது.

வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போகிறது. அதற்கும் மேல் மிஞ்சுவது ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் பாக் விரிகுடாவைச் சேர்கிறது. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இதுபோன்ற கழிமுகங்கள்தான் கடலின் தொட்டில்கள். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வந்து வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். மடவை மீனுக்கும் இதே வழக்கம். ஆறு கொண்டுவரும் வண்டலின் சத்தில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பெருகும். சாளைக்கும் நெத்திலிக்கும் அடிப்படை உணவு அதுதான். ஆற்று மணல் வந்து சேராத கரையை அலை அரிக்கும். நன்னீர் வரத்து நின்றால் கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறும்.

அணையைத் திறந்து கடலுக்கு விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான ஆண்டுகளில் வைகை கடலை எட்டுவதே இல்லை. வைகை அணை 71 அடி நிரம்பி, வழியிலுள்ள கண்மாய்களும் பெருகிய ஆண்டில் கொஞ்சம் கடலுக்குப் போனால் அதற்காக வயிறெரிய வேண்டாம் என்கிறேன்.

"நம்ம ஊர்க் குப்பை கடல் வரைக்குமா போகும்?" என்றும் கேட்கிறார்கள். அதே வெள்ளம் அதையும்தான் எடுத்துப் போகிறது. அமாவாசைக்குச் சுருளியில் குளித்துவிட்டு ஆற்றோடு விட்டுவரும் பழைய வேட்டி, கிழித்துப் போட்ட ஷாம்பு பாக்கெட், வைகையில் சேரும் முல்லையாற்றின் கரையில் கொட்டும் பாலித்தீன் பைகள் எல்லாம் கோடை முழுக்க நாணலில் சிக்கிக் கிடக்கும். அணையும் கண்மாய்களும் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம். பெருவெள்ளத்தில் எல்லாவற்றையும் தடுக்க முடியாது. திராட்சைத் தோட்டத்துக்கு அளவுக்கு மீறிப் போடும் உரமோ தண்ணீரில் கரைந்து போவதால் எந்தத் தடுப்பிலும் சிக்காது. வண்டலின் சத்து கடலுக்கு நல்லதுதான். உரச்சத்து மிஞ்சினால் பாசி மண்டி, அடியிலிருக்கும் கடற்புல்லுக்கு வெளிச்சம் போகாது. அந்தப் புல்லை மேய்ந்துதான் ஆவுளியா என்கிற கடற்பசு வாழ்கிறது. அதற்காகப் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் தமிழ்நாடு அரசு காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென்று அமைந்த முதல் காப்பகம் அது.

"பவளப்பாறை வெறும் கல்லுதானே?" என்பது இன்னோர் எண்ணம். இல்லை, அது சின்னஞ்சிறு உயிர்கள் கூடிக் கட்டிய வீடு. மன்னார் வளைகுடாவில் அதைச் சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கும் அரண் போனதும் அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு கடலுக்குள் மூழ்கின.

கடைசியாக, "தடைக்காலம் மீனவர் சமாச்சாரம், நமக்கென்ன?" ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்கள் இனம்பெருக்கும் 61 நாட்கள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகுத் தொழிலாளிக்கு அது வருமானமில்லாத காலம். நமக்கு மீன் விலை ஏறுவது மட்டும்தான் தெரிகிறது. அவர்கள் பட்டினி கிடந்து காத்ததை நாம் மீன் கடையில் கெடுத்துவிடக் கூடாது. ஐஸ் பெட்டியில் வந்து கூறு கட்டிக் கிடக்கும் விரல் நீளச் சங்கரா ஒருமுறைகூட முட்டையிட்டிருக்காது. அந்தக் கூறை விட்டுவிட்டுப் பெரிய மீனாகக் கேட்டு வாங்குங்கள். குஞ்சு மீனைக் கேட்க ஆள் குறைந்தால் கரையில் ஏலத்திலும் அதன் விலை இறங்கும்.